குறுகிய நடை, இரண்டு டிவி, ஆறு பேர்: புரியாத இன்ஸ்டலேஷனை எப்படிப் பார்ப்பது?

வெயில்கோடு (கேள்வி)

வணக்கம். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து போகிற பயணத்தில் அரை நாளைச் சமகாலக் கலைக் கண்காட்சி ஒன்றுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் இதில் பழக்கம். மற்ற நால்வரும் விருப்பத்தோடுதான் வருகிறார்கள், ஆனால் பத்து நிமிஷத்தில் "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உருப்படியாகப் பதில் சொல்ல ஆசை.

அங்கே இருக்கிற ஓர் இன்ஸ்டலேஷனின், அதாவது ஓர் இடத்தையே படைப்பாக அமைத்த கலையின், விவரம் இது. ஒரே ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய குறுகலான நடை. இரண்டு பக்கமும் வெறும் பலகைச் சுவர். கடைசியில் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பழைய டிவிப் பெட்டிகள். ஒன்றில் காலி நடை மட்டும் தெரிகிறது. யார் உள்ளே போனாலும் அது காலியாகவே இருக்கிறது. இன்னொன்றில் உள்ளே போகிறவரின் முதுகு. டிவியை நெருங்க நெருங்க அந்த உருவம் சிறிதாகிக்கொண்டே போகிறது. பக்கத்தில் தலைப்பும் ஆண்டும் தவிர வேறு எழுத்தே இல்லை. கூட்டமாக உள்ளே நுழைந்தவர்களுக்கு எதுவும் பிடிபடவில்லையாம்.

இது எப்படி வேலை செய்கிறது? ஆறு பேர் இப்படிப்பட்ட படைப்புகளை எந்த முறையில் பார்ப்பது? லேபிளை முதலில் படிப்பதா, கடைசியில் படிப்பதா? இருட்டறை, சென்சார் வைத்த அறைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

மரச்சட்டம்

நீங்கள் சொல்கிற விவரம் அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நவ்மன் 1970-ல் செய்த 'லைவ்-டேப்டு வீடியோ காரிடார்' படைப்போடு அப்படியே பொருந்துகிறது. நடையின் அகலம் சுமார் 50 சென்டிமீட்டர், நீளம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கேமரா இருப்பது டிவிப் பக்கத்தில் இல்லை, நுழைகிற வாயிலின் மேலே. முழுப் புதிருக்கும் காரணம் அந்த இடம்தான். டிவியை நோக்கி வைக்கிற ஒவ்வொரு அடியும் கேமராவை விட்டு விலகுகிற அடி. அதனால் உருவம் சுருங்குகிறது. கால் "நெருங்கிவிட்டேன்" என்கிறது, கண் "தூரம் போகிறாய்" என்கிறது. இரண்டாவது டிவியில் ஓடுவது காலி நடையை முன்பே எடுத்து வைத்த பதிவு. அதில் யாரும் வர வழியில்லை.

பார்க்கிற முறை இதுதான்: ஒருவர் மட்டும் உள்ளே போக வேண்டும். கூட்டமாகப் போனால் ஏன் கெடுகிறது என்றால், கடைசியில் நிற்பவர் கேமராவுக்கு நேர் கீழே நிற்கிறார்; அவருடைய தலையும் தோளும் திரையை அடைத்துக்கொள்கின்றன. முன்னால் போகிறவர் தன்னைத் திரையில் பார்க்கவே முடியாது. தன் உருவம் சுருங்குவதைப் பார்க்காவிட்டால் அங்கே பார்க்க உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

நடையில் மூன்றில் ஒரு பங்கு போனதும் நில்லுங்கள். கையைத் தூக்கிப் பாருங்கள். எந்த டிவி உங்களுக்குப் பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு கடைசிவரை போங்கள். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். அதற்குக் கேமராப் பக்கம் திரும்ப வேண்டும், திரும்பினால் டிவி முதுகுக்குப் பின்னால் போய்விடும். முகம் திரையில் இருக்கிற நேரத்தில் அதைப் பார்க்கும் கண் வேறு பக்கம் இருக்கிறது. இதை உடம்பால் உணர்ந்த பிறகு எந்த விளக்கமும் தேவைப்படாது. வெளியே வரும்போது திரும்பாமல் பின்னடியாக வாருங்கள். டிவியை விட்டு விலக விலக உருவம் வளரும். ஒருவருக்கு நான்கைந்து நிமிஷம் போதும். ஆறு பேருக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

கேமராவும் திரையும் இருக்கிற எந்த அறையிலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை அந்தக் கை தூக்கல்தான். உடனே தெரிந்தால் நேரடி. தெரியவே இல்லை என்றால் பதிவு. கொஞ்சம் கழித்துத் தெரிந்தால் தாமதம். டான் கிரகாம் 1974-ல் அமைத்த தாமத அறைகளில் திரையில் வருவது 8 விநாடிக்கு முந்தைய நீங்கள். மனசுக்குள் எட்டு வரை எண்ணாதவர்களுக்கு, திரையில் நடப்பவர் தாங்கள்தான் என்பதே பிடிபடாமல் போகலாம்.

ஒலிக்கூடம்

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். பொதுவாக ஒன்று சேர்க்கிறேன்: இன்ஸ்டலேஷன் புரியாமல் போவதற்குப் பாதிக்கு மேல் காரணம் கருத்து கடினமாக இருப்பது இல்லை, பார்க்கிற நிலைமை சரியில்லாதது. பாதியில் நுழைந்திருப்பார்கள், கண் இருட்டுக்குப் பழகியிருக்காது, ஒருவருக்கான இடத்தில் ஐந்து பேர் நின்றிருப்பார்கள், அல்லது பேசிக்கொண்டே இருந்திருப்பார்கள். இவற்றைச் சரிசெய்தாலே மிச்சம் பெரும்பாலும் தானாக வரும்.

இருட்டறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் கைவிடுவது அங்கேதான். கண்ணின் பாவை சில விநாடிகளில் விரிந்துவிடும். விழித்திரை பழகுவதுதான் மெதுவாக நடக்கும். பத்து நிமிஷத்தில் நல்ல மாற்றம் தெரியும், முழுசாகப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிஷம். ஜப்பானின் நவோஷிமா தீவில் ஜேம்ஸ் டரெல் 1999-ல் செய்த 'பேக்சைட் ஆஃப் தி மூன்' இந்தத் தாமதத்தின்மேல் கட்டப்பட்டது. உள்ளே போனதும் கும்மிருட்டு. பெஞ்சில் உட்கார்ந்து பல நிமிஷம் காத்திருந்தால் எதிரே மங்கலான ஓர் ஒளிப்பரப்பு எழும். அந்த வெளிச்சம் முதலிலிருந்தே அங்கே இருக்கிறது. மூன்றாவது நிமிஷத்தில் எழுந்து வந்தவர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், அவர் பார்த்தவரைக்கும் அது சரிதான்.

இருட்டறைக்குள் போகும்போது ஒரு கை சுவரில் இருக்கட்டும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள். போனை அணைத்துவிடுங்கள்; சைலன்ட்டில் போட்டால் போதாது. ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன் வெளிச்சம் ஆறு பேரின் காத்திருப்பையும் முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் கழற்றிப் பைக்குள் போடுங்கள், மணிக்கட்டைத் திருப்பினாலே அது எரியும். மங்கலான ஒளியை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்வையை வையுங்கள். இருட்டில் வேலை செய்கிற செல்கள் விழித்திரையின் நடுமையத்தில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

தட்டையாகத் தெரிவதை நம்பிச் சாயாதீர்கள். 1980-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் டரெல்லின் ஒளியைச் சுவர் என்று நினைத்துச் சாய்ந்தவர்கள் விழுந்து, விஷயம் வழக்குவரை போனது. அனிஷ் கபூரின் 'டிசென்ட் இன்டு லிம்போ' படைப்பில் தரையில் கறுப்பு வட்டம் ஒன்று இருக்கும். உள்ளே பூசிய நிறம் ஒளியை விழுங்கிவிடுவதால் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் கண்ணால் ஆழத்தைக் கணிக்க முடியாது. 2018-ல் போர்ட்டோ நகரின் செரால்வெஸ் மியூசியத்தில் ஒருவர் அந்த இரண்டரை மீட்டர்க் குழிக்குள் விழுந்துவிட்டார்.

ஒலிப் படைப்புகளுக்கு இன்னொரு வழி. ஜேனட் கார்டிஃப் 2001-ல் செய்த 'ஃபார்ட்டி பார்ட் மோட்டெட்' 40 ஸ்பீக்கர்கள் கொண்டது. தாமஸ் டாலிஸின் 16-ஆம் நூற்றாண்டுப் பாடலை 40 குரல்கள் பாடுகின்றன, ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு குரல். ஒரு சுற்று 14 நிமிஷம். அதில் 11 நிமிஷம் பாட்டு, 3 நிமிஷம் பாடகர்களின் இருமலும் பேச்சும். அந்த 3 நிமிஷத்தில் நுழைந்தவருக்கு அது ஏதோ காத்திருப்பு அறை போலத்தான் கேட்கும். ஒரு முழுச் சுற்று நடுவில் நின்று கேளுங்கள். அடுத்த சுற்றில் ஏதாவது ஒரு ஸ்பீக்கருக்கு அருகே காதைக் கொண்டுபோங்கள், ஒரே ஒரு மனிதர் பாடுவது கேட்கும். ஆறு பேரும் ஆறு இடத்தில் நின்று கேட்டால் ஆறு வேறு அனுபவம் கிடைக்கும், பிறகு பேசவும் நிறைய இருக்கும்.

வீடியோ என்றால் லேபிளில் ஓடும் நேரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 6 நிமிஷம் என்றால் முழுசாக உட்காருங்கள். கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்' (2010) 24 மணி நேரம் ஓடுவது. அதை முழுசாகப் பார்க்க முடியவில்லையே என்று தவிக்க வேண்டியதில்லை, எங்கே நுழைந்தாலும் சரி.

சுண்ணாம்புச்சுவர்

லேபிள் கேள்விக்கு நேராகப் பதில்: லேபிளில் மூன்று வேறு பகுதிகள் உண்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் படிக்கக் கூடாது. தலைப்பு, ஆண்டு ஒன்று. பொருள்கள், அளவு இரண்டு. கியூரேட்டர், அதாவது கண்காட்சியைத் தொகுத்தவர், எழுதிய விளக்கப் பத்தி மூன்று. பொருள்கள் வரியை முதலிலேயே படியுங்கள். விளக்கப் பத்தியை, படைப்பைப் பார்த்து முடித்த பிறகு படியுங்கள்.

பொருள் வரியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் ரிச்சர்ட் வில்சனின் '20:50' (1987). அறை முழுக்க இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பளபளப்பான பரப்பு, அதில் கூரை தலைகீழாகத் தெரியும். நடுவில் போகப் போகக் குறுகும் ஒரு பாதை. கண்ணாடி என்று நினைத்தால் அழகான அறை, அவ்வளவே. பொருள் வரியில் பயன்படுத்தித் தீர்ந்த எஞ்சின் ஆயில் என்று இருக்கும். அதைப் படித்த கணத்தில் வாசனை ஏன் வருகிறது, பாதையின் ஓரம் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது, சட்டை ஏன் படக் கூடாது என்று எல்லாமே மாறுகிறது. தலைப்பே எஞ்சின் ஆயிலின் தர எண்ணிலிருந்து வந்ததுதான்.

அளவு வரியும் அப்படித்தான். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-ல் செய்த ஒரு படைப்பு, மூலையில் குவித்த வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கள். குவியல் இருக்க வேண்டிய எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ என்று குறித்திருக்கும். தலைப்பின் அடைப்புக்குறிக்குள் அது ராஸ் என்பவரின் உருவப்படம் என்று இருக்கும். ராஸ் கலைஞரின் துணைவர், அதே ஆண்டு எய்ட்ஸ் நோயால் இறந்தவர். பார்ப்பவர்கள் மிட்டாயை எடுத்துக்கொள்ளலாம், குவியல் குறையும், மியூசியம் மறுபடி நிரப்பலாம். ஓர் ஆளின் எடை குறைந்துகொண்டே வருவதில் உங்கள் கையும் சேர்கிறது. இதை எடையைப் படிக்காமல் யாரும் ஊகிக்க முடியாது. ஆகவே "எதையும் படிக்காதே, உணர்ந்தால் போதும்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒலிக்கூடம்

சுண்ணாம்புச்சுவர், மிட்டாய்க் குவியல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் டரெல், நவ்மன் மாதிரி உடம்பு வழியாக வேலை செய்கிற படைப்புகளில் பொருள் வரியையும் பிறகு படிப்பதுதான் நல்லது. "வீடியோ கேமரா, இரண்டு மானிட்டர், ஒரு பதிவு" என்று முன்பே படித்துவிட்டால் அந்தச் சுருங்கும் உருவம் தருகிற திடுக்கிடல் போய்விடும்.

சுண்ணாம்புச்சுவர்

ஒப்புக்கொள்கிறேன். நுழைவதற்கு ஒரு வாசல், நடக்க ஒரு பாதை, உட்கார ஓர் இருக்கை இருந்தால் முதலில் உள்ளே போங்கள். வெளியே நின்று பார்க்கிற பொருளாக இருந்தால் முதலில் பொருள் வரியைப் படியுங்கள்.

இரண்டும் கலந்தவையும் உண்டு. சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரிட்டா 2016 கொச்சி-முசிறி பினாலே கலைக் கண்காட்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸின் ஒரு கிடங்கைக் கடல்நீரால் நிரப்பியிருந்தார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து மறுமுனைக்குப் போனால்தான் சுவரில் இருந்த முழு வாசகமும் கிடைக்கும், அது அகதியாகப் போகும்போது கடலில் மூழ்கி இறந்த காலிப் குர்தி என்ற சிரியச் சிறுவனுக்கானது என்பதும் அங்கேதான் தெரியவரும். கரையில் நின்று போட்டோ எடுத்துத் திரும்பியவர்களுக்குத் தண்ணீர் மட்டும்தான். இப்படிப்பட்ட இடங்களுக்கு எளிதில் கழற்றக்கூடிய செருப்பும் மடித்துவிடக்கூடிய உடையும் வேண்டும்.

வெயில்கோடு

மிகவும் உபயோகமான பதில்கள். இரண்டு துணைக் கேள்விகள். தொடலாமா கூடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், சென்சார் வைத்த அறையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது பழுதா, அல்லது ஒன்றும் நடக்காததுதான் படைப்பா?

கம்பிச்சுருள்

தொடுவதைப் பற்றி: எழுதியிருந்தால் தொடுங்கள், இல்லாவிட்டால் கூடத்தில் நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள். போன மாதம் போனவர் சொன்னதையோ பழைய போட்டோவையோ நம்பாதீர்கள், விதி நடுவில் மாறும். ஆய் வெய்வெய் 2010-ல் லண்டன் டேட் மாடர்னில் பரப்பிய பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகள்மேல் முதல் சில நாள் மக்கள் நடந்தார்கள். பீங்கான் தூசு மூச்சுக்குக் கெடுதல் என்பதால் பிறகு நடக்க விடவில்லை.

இரண்டாவது கேள்வி அருமையானது. பழுதுக்கு அடையாளங்கள் உண்டு: புரொஜெக்டரில் நீலத்திரையோ மெனுப் பெட்டியோ தெரிவது, படம் சுவரின் விளிம்பைத் தாண்டி வழிவது, ஸ்பீக்கர் வரிசையில் ஒன்று மட்டும் ஊமையாக இருப்பது, ஒரு சொடக்குச் சத்தம் ஒழுங்கில்லாமல் வருவது. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது. மார்ட்டின் கிரீடின் 'வொர்க் நம்பர் 227' காலி அறையில் விளக்கு 5 விநாடி எரிந்து 5 விநாடி அணைவது மட்டும்தான். அவருக்கு 2001-ல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு கிடைத்தபோது காட்சிக்கு இருந்தது அதுவே. கடிகாரத்தை வைத்து இரண்டு சுற்று எண்ணிப் பாருங்கள். இடைவெளி சமமாக இருந்தால் பழுதில்லை. சந்தேகம் இருந்தால் பணியாளரிடம் சொல்லுங்கள். நாள் முழுக்க அதோடு இருப்பவர்கள் அவர்கள்தான். எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்றும் சொல்வார்கள், எந்தக் கையேட்டிலும் அது கிடைக்காது.

சென்சார் அறைகளில் கூட்டம்தான் முதல் எதிரி. ராண்டம் இன்டர்நேஷனலின் 'ரெயின் ரூம்' (2012) மேலிருந்து மழை கொட்ட, ஆள் இருக்கிற இடத்தில் மட்டும் நீரை நிறுத்துகிறது. கேமராக்கள் ஆளைக் கண்டுபிடித்து அந்த இடத்து வால்வை மூடுகின்றன. மூடினாலும் ஏற்கெனவே காற்றில் இருக்கிற துளிகள் விழுந்துதான் தீரும். அதனால் வேகமாக நடந்தால் நனைவீர்கள், ஓடினால் கட்டாயம் நனைவீர்கள். மெதுவாக, நின்று நின்று போக வேண்டும். கறுப்பு உடையும் மினுங்கும் துணியும் கேமராவுக்குச் சரியாகப் பிடிபடாது, வெளிர் நிறம் போட்டுக்கொள்ளுங்கள்.

ரஃபேல் லோசானோ-ஹெம்மரின் 'பல்ஸ் ரூம்' (2006) வகைப் படைப்பில் அறை முழுக்கப் பல்புகள் தொங்கும். இதயத் துடிப்பை எடுக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி அசையாமல் நிற்க வேண்டும். கை அசைந்தால் துடிப்பை எடுக்காது. எடுத்ததும் அருகிலுள்ள பல்ப் உங்கள் இதயத் துடிப்போடு மின்னும். கையை விட்டதும் எல்லாப் பல்புகளின் துடிப்பும் ஓரிடம் நகர்ந்து உங்களுடையது வரிசையில் சேரும். ஆறு பேரும் அடுத்தடுத்து செய்தால், முதலில் செய்தவரின் துடிப்பு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். இது நண்பர்கள் கூட்டமாகப் பார்ப்பதற்கே ஏற்றது.

யாயோய் குசாமாவின் கண்ணாடி அறைகளில் நேரக்கட்டுப்பாடு உண்டு, பல இடங்களில் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. முதல் பாதி நேரம் கண்ணால் பாருங்கள், பிறகு ஒரே ஒரு போட்டோ. பின்னால் நகர்ந்து ஃபிரேம் தேடாதீர்கள். 2017-ல் வாஷிங்டனின் ஹெர்ஷ்ஹார்ன் மியூசியத்தில் குசாமாவின் பூசணிக்காய் ஒன்று பார்வையாளர் ஒருவரால் சேதமாகி, அந்த அறையைக் கொஞ்ச காலம் மூட வேண்டியதாயிற்று. முதுகுப்பையை நுழைவிலேயே ஒப்படைத்துவிடுங்கள். நெருக்கமான அறையில் திரும்பும்போது பை எதை இடிக்கிறது என்று நமக்குத் தெரியாது. போன் கேமராவில் ஃபிளாஷை 'ஆட்டோ'வில் விடாமல் 'ஆஃப்' செய்துவிடுங்கள்.

மரச்சட்டம்

ஆறு பேருக்கான ஏற்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு ஜோடியிலும் பழக்கமுள்ளவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். பழக்கமுள்ளவர் உடனே விளக்க ஆரம்பித்துவிடுவார், மற்றவர் பார்ப்பதை நிறுத்திவிடுவார். கூடத்துக்குள் பேச்சு வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடி, ஒவ்வொருவரும் தான் கண்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும்: நான் நகர்ந்தபோது இது மாறியது, இந்த மூலையில் மட்டும் சத்தம் கேட்டது என்பது மாதிரி. பிடித்தது, பிடிக்கவில்லை என்பது அதற்கப்புறம். ஒருவர் கண்டதை மற்றவர் தவறவிட்டிருந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள். அரை நாளில் நான்கு அல்லது ஐந்து படைப்புக்கு மேல் திட்டமிட வேண்டாம். வரிசை நிற்கும் அறைகளைத் திறந்தவுடன் முடித்துவிடுங்கள்.

வெயில்கோடு

கடைசியாக ஒன்று. நண்பர்களில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுண்டு, இன்னொருவருக்கு ஆஸ்துமா. இவர்கள் எதைத் தவிர்க்க வேண்டும்?

கம்பிச்சுருள்

டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே இரண்டு சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்: ஸ்ட்ரோப் (வேகமாக மின்னும் வெளிச்சம்) இருக்கிறதா, புகை இருக்கிறதா. எச்சரிக்கைப் பலகை பெரும்பாலும் அறைவாசலில் இருக்கும், ஆனால் கூட்டத்தில் கண்ணில் படாது.

வலிப்பைத் தூண்டக்கூடியது பொதுவாக விநாடிக்கு 3 முதல் 30 தடவை மின்னும் வெளிச்சம். கிரீடின் விளக்கு போல மெதுவாக எரிந்து அணைவது வேறு வகை. வலிப்பு வந்தவர்கள் எல்லோருக்கும் மின்னும் ஒளி ஒத்துக்கொள்ளாது என்பதில்லை. அவருக்கு எப்படி என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருப்பார், அதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் மின்னும் வெளிச்சத்துக்குள் மாட்டிக்கொண்டால் இரண்டு கண்ணையும் மூடுவது போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே வரும். உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுசாகப் பொத்திக்கொண்டு, திரையிலிருந்து முகத்தைத் திருப்பி வெளியே வர வேண்டும். அவரோடு எப்போதும் ஒருவர் இருக்கட்டும்.

புகை அறைகளில் வழக்கமாகப் போடுவது கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த நீர்மத்தின் மூடுபனி. அடைத்த அறையில் அது தொண்டையை உறுத்தி இருமலைக் கிளப்பலாம். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைப் பையோடு ஒப்படைத்துவிடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். வாசலருகே ஒரு நிமிஷம் நின்று பார்த்து, மார்பு இறுகினால் உள்ளே போக வேண்டாம்.